பல் உட்கார இடம்: குழந்தையின் தாடையும் முகமும் வளரும் வயதுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூத்தவனுக்கு அப்போது ஆறரை வயது. கீழ்வரிசையில் பால்பல் விழுவதற்கு முன்பே அதற்குப் பின்னால் புதுப்பல் எட்டிப் பார்த்துவிட்டது. பதறிப்போய்ப் பல் டாக்டரிடம் ஓடினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது பெரிய விஷயமில்லம்மா, ஆடுற பல்லு விழுந்தா அது முன்னாடி வந்துரும். ஆனா மேல்வாயப் பாருங்க, எவ்வளவு குறுகலா இருக்கு. வரப்போற பல்லெல்லாம் நல்ல பல்லுதான், உட்கார இடந்தான் இல்ல" என்றார்.

ஊரில் அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நம்ம வகையறாவுல யாருக்குடி எத்துப்பல்லு இருக்கு?" அவர் சொன்னதும் சரிதான். எண்பத்திரண்டு வயதில் அப்பத்தாவின் பற்கள் பாதி தேய்ந்துவிட்டன. ஆனாலும் முன்வரிசை கோடு போட்டாற்போல இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. அதே வகையறா, மூன்று தலைமுறை தள்ளி, பல்லுக்கு இடமில்லை என்கிறார்கள். ஏன் என்று தேடத் தொடங்கியதில் தெரிந்துகொண்டதையும், மூத்தவனிடம் கோட்டை விட்டு இளையவளிடம் திருத்திக்கொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த இடத்தில் டாக்டரிடம் போக வேண்டும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

வயது வாரியாக எழுதியிருப்பதால் உங்கள் பிள்ளையின் வயதுக்கு நேராகப் போய்விடலாம். மூக்கைப் பற்றிய ஐந்தாம் படியை மட்டும் எந்த வயதுப் பிள்ளை இருந்தாலும் படித்துவிடுங்கள்.

முதல் படி: பரம்பரை எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பல்லின் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவானது. கீழ்த்தாடை முன்னால் துருத்தி நிற்பதும் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. இதற்குப் பேர்போனவர்கள் ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தார். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி, கடைசியில் ஸ்பெயின் அரசர் இரண்டாம் கார்லோஸ் சாப்பாட்டை மெல்லவே சிரமப்பட்டு 1700இல் வாரிசில்லாமல் இறந்தார். அப்படிப்பட்ட தாடையை முறுக்குத் தின்று சரிசெய்துவிட முடியாது.

இடமில்லாமல் பற்கள் நெருக்கியடித்து முளைக்கும் நெருக்கடி வேறு கதை. அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் கொருச்சினி இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். சண்டிகர் பக்கத்தில் கிராமத்துப் பிள்ளைகளையும் நகரத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1983இல் அவர் குழுவினர் எழுதிய ஆய்வு எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரே மக்கள், ஒரே பகுதி; ஆனாலும் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பல்வரிசைக் கோளாறு கூடுதல். அமெரிக்காவின் கென்டக்கி மலைக்கிராமங்களிலும் இதே கதைதான். உப்புக்கண்டமும் கடினமான வீட்டுச் சாப்பாடும் தின்று வளர்ந்த தாத்தா பாட்டிகளைவிடக் கடைச் சாப்பாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகளின் பல்வரிசைதான் மோசம். ஒரு தலைமுறை இரண்டு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது, அடுப்படிதான் மாறும்.

மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய முடியாதென்பதால் விலங்குகளில் பார்த்தார்கள். மெத்தென்ற தீனியிலேயே வளர்த்த அணில் குரங்குகளுக்கு மேல்வாய் குறுகி, பற்கள் திரும்பி முளைத்தன. ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஹைராக்ஸ் என்கிற முயலளவு ஆப்பிரிக்கப் பிராணிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வேகவைத்தது, இன்னொன்றுக்குப் பச்சையாகவும் காயவைத்ததுமாக. மெத்தென்று தின்றவற்றுக்கு முகத்தின் கீழ்ப்பகுதியிலும் பின்பகுதியிலும் சுமார் 10 சதவீதம் வளர்ச்சி குறைந்தது. மெல்லும்போது எலும்பில் விழும் அழுத்தம்தான் 'வளர்' என்று அதற்குப் போகும் சேதி. சேதி போகவில்லையென்றால் பல் அதன் அளவுக்கே வரும், தாடை சிறுத்து நிற்கும்.

1939இல் வெஸ்டன் பிரைஸ் என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் உலகம் சுற்றிப் படமெடுத்துவந்து, பழைய சாப்பாட்டுச் சத்து குறைந்ததுதான் காரணம் என்று எழுதினார். இணையத்தில் இன்றும் அவர் பெயரைச் சொல்லி மாத்திரை விற்கிறார்கள். அவர் எடுத்த படங்கள் நல்ல ஆவணம். ஆனால் பல் நெருக்கடிக்கு வைட்டமினைவிட மெல்லும் வேலை குறைந்ததுதான் பொருத்தமான விளக்கம் என்பது பின்னால் வந்தவர்களின் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சத்து தேவையில்லை என்று சொல்லவில்லை. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்து எலும்பு மெலிந்த குழந்தைகளுக்குப் பல் முளைப்பதே தள்ளிப்போகும்.

இதில் ஒரு சுவையான கிளைக்கதை. 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, மெத்தென்ற உணவு வந்த பிறகு மேற்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி நிற்பது பெரியவர்களிடமும் நிலைத்ததால்தான் ஃப போன்ற பல்லும் உதடும் சேரும் ஒலிகள் மொழிகளில் பெருகின என்றது. தமிழில் ஃப கிடையாதே, அப்படியென்றால் நம் முன்னோர் தாடை இரும்பு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வகரம் பல்லும் இதழும் இயைந்து பிறக்கும் என்று நம் பழைய இலக்கணக்காரர்களே எழுதிவைத்துவிட்டார்கள்.

இரண்டாம் படி: முதல் ஆறு மாதம்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. நாக்கால் காம்பை மேல்வாயோடு அழுத்தி, கீழ்த்தாடையை முன்னும் பின்னும் அசைத்துப் பிழிகிறது. மேல்வாய் அகலமாக வளர அந்த நாக்கின் அழுத்தம் உதவுகிறது. 2016இல் 'லான்செட்' இதழ் தாய்ப்பால் பற்றித் தொகுத்த கட்டுரையில், தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குப் பல்வரிசைக் கோளாறு 68 சதவீதம் குறைவு என்று கணக்குச் சொன்னார்கள். இது பெரும்பாலும் பால்பல் வயதுக்கான கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பால் பற்றாமல் போன தாய்மார்கள் இதைப் படித்து மனம் குமைய வேண்டாம். எனக்கும் மூத்தவனுக்கு நான்காம் மாதத்தோடு நின்றுவிட்டது. பாட்டில் கொடுத்தால் ஒரு வயதிலிருந்து குறைத்து ஒன்றரை வயதுக்குள் நிறுத்திவிடுங்கள். வாயில் பாட்டிலோடு தூங்கவைப்பது மட்டும் கூடவே கூடாது. மேல் முன்பற்கள் நான்கும் சொத்தையாகப் போவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. பாட்டிலுக்குப் பதில் சங்கோ பாலாடையோ நல்ல பழக்கம்தான். குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, அது விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாக விடுங்கள். படுக்கவைத்து மடமடவென்று ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

அடுத்து, குளிப்பாட்டும் நேரத்து வைபவம். கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, மோவாயைப் பிடித்துவிட்டு, தலையை உருட்டி உருண்டையாக்குவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மென்மையாகத் தடவினால் குழந்தை சுகமாகத் தூங்கும். மூக்கு அதனால் எடுப்பாக வராது. மூக்கின் வடிவம் பருவ வயதில்தான் உருவாகி முடிகிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், வாய் வைத்து ஊதிச் சளி எடுப்பதையும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். அப்பத்தாவிடம் இதைச் சொல்லி ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றது. பரவாயில்லை.

மூன்றாம் படி: ஆறு மாதம் முதல் ஒரு வயது, கட்டியும் கூழும்

நான் பெரிதாகத் தவறு செய்த இடம் இது. மூத்தவனுக்குப் பருப்புசாதத்தை மிக்ஸியில் அடித்துக் கூழாக்கி ஸ்பூனால் வழித்து வாயில் விடுவேன். ஐந்து நிமிடத்தில் கிண்ணம் காலி. ஆறு மாதத்தில் அது சரிதான். ஆனால் இரண்டு வயது வரை அதையே செய்துகொண்டிருந்தேன். ஒரு பருக்கை முழுசாக வந்துவிட்டால் ஓங்கரிப்பான், நான் உடனே மிக்ஸியை எடுப்பேன்.

படிப்படியாக மாற்ற வேண்டும் என்பதுதான் விதி. ஆறாம் மாதம் மசித்த கஞ்சி, கேழ்வரகுக் கூழ். ஏழு, எட்டில் மிக்ஸியை மூட்டை கட்டிவிட்டுக் கையால் மசியுங்கள், சிறு கட்டிகள் இருக்கட்டும். எட்டு, ஒன்பதில் கையில் பிடித்துத் தின்ன ஏதாவது: விரல் நீளத்துக்கு நறுக்கி வேகவைத்த கேரட், பூசணி, நேந்திரம்பழம், இட்லித் துண்டு, தோசையின் மெல்லிய ஓரம். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு, காரமும் உப்பும் குறைத்து. பிரிட்டனில் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில் சாப்பாட்டுத் தகராறு அதிகம் இருந்தது. மென்று தின்னக் கற்றுக்கொள்வதற்கும் ஒரு பருவம் உண்டு போலிருக்கிறது.

ஓங்கரிப்பதையும் அடைத்துக்கொள்வதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஓங்கரிக்கும் குழந்தை முகம் சிவந்து, இருமி, சத்தம் போட்டு, நாக்கால் உணவை முன்னால் தள்ளும். அது பழகிக்கொள்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அடைத்துக்கொண்ட குழந்தைக்குச் சத்தமே வராது, உதடு நீலம் பாயும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் முன்கையில் குப்புற, தலை தாழ்ந்திருக்கும்படி கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் திருப்பிப் போட்டு, மார்பின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். குழந்தைக்குக் கட்டிச் சோறு தொடங்குமுன் இதை ஒரு நர்ஸிடமோ டாக்டரிடமோ நேரில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். முழு வேர்க்கடலை, வறுகடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, கமர்கட் இவையெல்லாம் ஐந்து வயது வரை வேண்டாம். தாடைக்குப் பயிற்சி என்று மூச்சுக்குழலில் விளையாடக் கூடாது.

நான்காம் படி: ஒன்றரை வயதுக்கு மேல், மெல்ல வைக்கும் சாப்பாடு

கடைவாய்ப் பால்பற்கள் ஒன்றரை வயதை ஒட்டித்தான் முளைக்கும். இரண்டரை, மூன்று வயதில் இருபதும் வந்துவிடும். உண்மையான மெல்லுதல் இதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் இளையவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். சாம்பாரில் ஊறிய இட்லி ஒரு வாய், ஆறு மெல்லில் உள்ளே போனது. ரசசாதம் மூன்று. பாலில் முக்கிய பிஸ்கட்டுக்கு மெல்லே கிடையாது, நாக்கால் நசுக்கினாள். ஒரு சிறு கீற்றுத் தேங்காய்க்கு முப்பத்தொன்று. கேழ்வரகு ரொட்டி ஒரு பிட்டுக்குப் பதினெட்டு. அவளுடைய ஒரு நாள் சாப்பாட்டை எழுதிப் பார்த்தால், காலை இட்லி, மதியம் குழைந்த சாதம், மாலை பால் பிஸ்கட், இரவு தோசை. வயிறு நிறைந்துவிடுகிறது, கன்னத்தசைக்கு மட்டும் நாள் முழுக்க விடுமுறை. இட்லி நல்ல உணவு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு வேளையும் இட்லி ஜாதியாகவே இருப்பதுதான் தொல்லை.

அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை மாற்றாமல் ஒவ்வொரு வேளையிலும் மெல்லுவதற்கு ஒன்றைச் சேர்த்தேன். இட்லியோடு ஒரு கீற்றுத் தேங்காய். சாதத்தோடு முருங்கைக்காய், அதைக் கடித்து இழுத்துச் சப்பித் துப்புவது தாடைக்கு நல்ல வேலை. கறி எடுக்கும் நாளில் எலும்போடு ஒரு துண்டை அவள் கையிலேயே கொடுத்துவிடுவது. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் பருவத்துக்கு ஏற்ப அவித்த சோளக்கதிர், கொய்யா, வெள்ளரி, மரவள்ளிக்கிழங்கு. தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். அந்த நாரைப் பிரித்துக் கடித்து மென்று முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். பொங்கல் கரும்பை ஐந்தாறு வயதுப் பிள்ளை பல்லால் உரித்துத் தின்னட்டும், பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். முறுக்கும் தட்டையும் சத்தம்தான் பெரிது, இரண்டு கடியில் பொடியாகிவிடும். நார் உள்ளதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

ஆப்பிளைத் துண்டு போட்டுத் தோல் சீவிக் கொடுக்கும் தாயன்பை ஐந்து வயதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுசாகக் கடிக்கட்டும். டிவி பார்த்துக்கொண்டு ஊட்டினால் மெல்லாமல் விழுங்குவதும், வாய்க்குள் அதக்கிவைப்பதும் கூடும்; அதக்கும் பிள்ளைக்குச் சொத்தையும் சீக்கிரம் வரும்.

இத்தனை மெல்லுக்கு இத்தனை மில்லிமீட்டர் தாடை என்று யாரும் கணக்குத் தர முடியாது. என் இரண்டு பிள்ளைகளை வைத்து நான் எதையும் நிரூபிக்கவும் இல்லை. செலவில்லாத, கெடுதலில்லாத காரியம் என்பதால் செய்கிறேன்.

ஐந்தாம் படி: வாயை மூடித் தூங்குகிறதா என்று பாருங்கள்

மூத்தவன் விஷயத்தில் சாப்பாட்டைவிடப் பெரிய காரணம் இதுவாக இருந்தது. எனக்கு அது தெரிய ஏழு வருடம் ஆயிற்று.

நாக்குக்கு இயல்பான இடம் மேல்வாய். உதடு மூடி, மூக்கால் மூச்சு விடும்போது நாக்கு மேலே ஒட்டியிருந்து உள்ளிருந்து பல்வரிசையைத் தாங்குகிறது. வெளியிலிருந்து கன்னம் அழுத்துகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை மேல்வாய் அகன்று குதிரைலாட வடிவில் வளரும். மூக்கு அடைத்திருந்தால் வாய் திறக்கிறது, நாக்கு கீழே இறங்கிவிடுகிறது, கன்னத்தின் அழுத்தம் மட்டும் மிச்சமாகிறது. மேல்வாய் குறுகிக் கூம்பாகி உயரும். கீழ்த்தாடை முன்னால் வளராமல் கீழ்நோக்கி இறங்கும். முகம் நீண்டு, மேலுதடு பற்களை மூடாமல், மோவாய் உள்வாங்கியது போலாகும்.

அமெரிக்காவில் எகில் ஹார்வோல்ட் என்பவர் இளம் ரீசஸ் குரங்குகளின் மூக்கை அடைத்துவைத்துப் பார்த்தார். இன்று அப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது சந்தேகம். வாயால் மூச்சுவிடப் பழகிய குரங்குகளின் தாடையும் பல்வரிசையும் கோணின. ஸ்வீடனில் ஸ்டென் லிண்டர் ஆரோன்சன் குழந்தைகளிடம் இதன் மறுபக்கத்தைக் கண்டார். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்கிற சதையை எடுத்து மூக்கால் மூச்சுவிடத் தொடங்கிய பிள்ளைகளில் பலருக்குத் தாடை வளரும் திசை தேறியது. காலத்தோடு செய்தால் ஓரளவு திரும்பும் என்பதுதான் இதில் ஆறுதல்.

வீட்டிலேயே பார்க்க: பிள்ளை தூங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போய், மூன்று நான்கு இரவுகள் கவனியுங்கள். வாய் திறந்திருக்கிறதா, குறட்டை உண்டா, தலையணையில் எச்சில் ஈரமா, இடையில் மூச்சு நின்று திணறி மறுபடி இழுக்கிறதா. பகலில் டிவி பார்க்கும்போது உதடு பிரிந்தே இருக்கிறதா. காலையில் வாய் வறண்டு நாற்றம் வருகிறதா, கண்ணுக்குக் கீழே கருவளையம் உண்டா, உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம் உண்டா. நான் ஒரு இரவு செல்போனில் படம் எடுத்துப் போனேன். காது மூக்குத் தொண்டை மருத்துவர் பாதியைப் பார்த்ததும் எக்ஸ்ரேவுக்கு எழுதிவிட்டார். நான் வாயால் சொன்னபோது யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. நீங்களும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

காரணம் பெரும்பாலும் அடினாய்டு, டான்சில் வீக்கம், இல்லையென்றால் ஒவ்வாமைச் சளி. அடினாய்டு மூன்று முதல் ஏழு வயதில் பெரிதாக இருந்து, பருவ வயதில் தானாகச் சுருங்கும். "வளர்ந்தா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வது அடினாய்டுக்குப் பொருந்தும். முகம் வளர்வதும் அதே வருடங்களில்தான் என்பதை மறந்துவிட்டுச் சொல்கிறார்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வாமை என்றால் மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே தருவார்; கடையில் நீங்களாக வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாட்கணக்கில் விட்டால் அடைப்பு முன்னைவிடக் கூடும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் கசப்பானது. கொசுவர்த்தி, ஊதுபத்தி, தலை காயவைக்கும் சாம்பிராணிப் புகை, அப்பாவின் சிகரெட் எல்லாமே பிள்ளையின் மூக்கை வீங்கவைக்கும். எங்கள் வீட்டில் கொசுவர்த்தியை விட்டுக் கொசுவலைக்கு மாறினோம். பஞ்சு பொம்மைகளைக் கட்டிலிலிருந்து இறக்கி, தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தோம். வாயில் டேப் ஒட்டித் தூங்கவைக்கும் வித்தை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. மூக்கு அடைத்த குழந்தைக்கு அதைச் செய்வது ஆபத்து.

ஆறாம் படி: விரல் சூப்பும் பழக்கம்

மூன்று வயது வரை கண்டுகொள்ள வேண்டாம். நான்கைத் தாண்டியும் தொடர்ந்தால் மேல் முன்பல் தூக்கி, மேலும் கீழும் சேராமல் நடுவில் ஓட்டை விழும். நிலைப்பல் வரும் ஆறு வயதுக்கு முன் நிறுத்தினால் பெரும்பாலும் தானாகவே சீராகும். சூப்பி கொடுப்பதற்கும் இதே கணக்குத்தான், அதை இன்னும் முன்பே நிறுத்துவது சுலபம். வேப்பெண்ணெய் தடவுவது, கையில் சூடு போடுவேன் என்று மிரட்டுவது எதுவும் என் தங்கை மகளிடம் பலிக்கவில்லை. எப்போது சூப்புகிறாள் என்று பார்த்ததில் தூங்கப்போகும் நேரமும், அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரமும்தான். அந்த இரண்டு நேரத்திலும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பழைய புடவைத்துண்டு கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் விட்டுவிட்டாள்.

ஏழாம் படி: பால்பல்லைக் காப்பாற்றுங்கள்

"விழப்போற பல்லுதானே" என்பதைவிட விலையுயர்ந்த வாக்கியம் பல் விஷயத்தில் இல்லை. கடைவாய்ப் பால்பல் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியது. கீழே வளரும் நிலைப்பல்லுக்கு அதுதான் இடம் பிடித்துவைக்கிறது, பஸ்ஸில் துண்டு போட்டுவைப்பதுபோல. ஐந்து வயதில் சொத்தையாகி அதைப் பிடுங்கிவிட்டால், ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைச் சாப்பிட்டுவிடும். பிறகு வரும் பல் வெளியிலோ உள்ளிலோ ஒதுங்கி முளைக்கும். நாம் செல்லமாகச் சொல்லும் சிங்கப்பல்லுக்குப் பின்னாலும் பல நேரம் இந்த இடப்பிரச்சினைதான்.

முதல் பல் முளைத்ததும், ஒரு வயதுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுங்கள். சொத்தை வந்தால் அடைக்கச் சொல்லுங்கள். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், "இடம் பிடித்துவைக்கும் கம்பி வளையம் போட வேண்டுமா" என்று நீங்களாகக் கேளுங்கள். எங்களுக்கு முதலில் பார்த்த இடத்தில் அப்படியொன்று இருப்பதையே சொல்லவில்லை.

எட்டாம் படி: ஏழு வயதில் ஒரு பரிசோதனை

கிளிப் போடும் டாக்டரிடம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டுவது நல்லது. அப்போதே கிளிப் போடுவதற்காக இல்லை. மேல்வாய் எலும்பின் இரண்டு பாதிகளும் நடுவில் ஒரு கோட்டில் சேர்கின்றன, அந்தக் கோடு பருவ வயது வரை இறுகாமல் இருக்கும் என்பதற்காக. அதற்குள் அகட்டினால் அகலும்.

போகுமுன் வீட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லைக் கடிக்கச் சொன்னால் மேல்வரிசை கீழ்வரிசைக்கு வெளியே, டப்பாவின் மேல்மூடி போல உட்கார வேண்டும். ஒரு பக்கமாவது மேல்பல் உள்ளே விழுந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கம் வழுக்குகிறதா? ஐந்து வயதுப் பால்பற்களுக்கு நடுவே சிறு சிறு சந்து இருக்கிறதா? சந்து இருந்தால் சந்தோஷப்படுங்கள், அது பின்னால் வரும் பெரிய பற்களுக்கான இடம்.

மூத்தவனுக்கு மூக்கு விஷயம் சரியானபின், ஒன்பது வயதில் மேல்வாயில் அகட்டும் கருவி ஒட்டினார்கள். நடுவில் ஒரு சின்ன திருகு. அதில் ஊசி போன்ற சாவியை நுழைத்துத் தினமும் இரவில் ஒரு கால்திருப்பு திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். முதல் நாள் என் கை நடுங்கியது. அவன் "மூக்குக்கிட்ட கூசுதும்மா" என்றான். பத்தாம் நாள் காலையில் இரண்டு முன்பற்களுக்கு நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து. எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து டாக்டருக்குப் போன் போட்டேன். "அதுக்குத்தாம்மா திருப்புனீங்க" என்று சிரித்தார். திருப்புவதை நிறுத்திய பின்பும் உள்ளே எலும்பு நிரம்ப ஆறு மாதம் கருவி அப்படியே இருந்தது. சந்து தானாக மூடிக்கொண்டது. இப்போது மேல் கோரைப்பல் இறங்குவதற்கு இடம் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் இது தேவைப்படாது. ஒருவர் செய்ய வேண்டும் என்றால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: வளர்ந்த பிள்ளைகளும் 'மியூயிங்'கும்

பதினைந்து வயதுப் பையன் கண்ணாடி முன் நின்று நாக்கை மேல்வாயில் அழுத்திக்கொண்டு பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், ரீல்ஸ் பார்த்திருக்கிறான். ஜான் மியூ என்கிற பிரிட்டிஷ் பல் மருத்துவரின் பெயரால் வந்த வித்தை அது. சிறு வயதில் நாக்கு மேலே இருப்பது நல்லது என்ற அடிப்படையில் நியாயம் உண்டு. அதை வைத்துக்கொண்டு, வளர்ந்தவர்கள் நாக்கை அழுத்தியே தாடைக் கோட்டைச் செதுக்கிவிடலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

என் அண்ணன் மகன் இதோடு கெட்டியான சூயிங்கமும் வாங்கி நாளைக்கு மூன்று மணி நேரம் மென்றான். கன்னத்தசை கொஞ்சம் புடைத்தது உண்மை. தசை என்றால் எந்த வயதிலும் புடைக்கும். மூன்றாம் மாதம் கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டொக்' என்று சத்தமும் வலியும். டாக்டர் ஒரு மாதத்துக்குக் கஞ்சியும் இட்லியும் மட்டும் சாப்பிடச் சொல்லிவிட்டார். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும்போது வலி, சத்தம், தாடை பிடித்துக்கொள்வது இருந்தால் மெல்லும் பயிற்சி எதுவும் வேண்டாம். பதினேழு பதினெட்டில் கடைசிக் கடைவாய்ப்பல் முளைக்கும் இடத்தில் வலியோ வீக்கமோ இருந்தால், இரண்டு தாடையும் முழுதாகத் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பல் நேராக வருகிறதா, அதற்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லில் முட்டிச் சாய்ந்து கிடக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.